தராசு போட்ட வில்லை

கல்லாவில் உட்காருகிறவருக்கு ஊரில் ஒரு பேர், தராசு பிடிக்கிறவளுக்கு ஒரு பேர். அந்தச் சந்துமுனை மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர் கணவர். அவரைத் தெரு 'தாராளம்' என்றது. தராசு பிடித்தவள் மனைவி. அவளுக்குக் 'கறார்' என்று பேர். முகத்துக்கு நேரே அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகு திரும்பினால் தாராளமும் கறாரும்தான். இது அவளுக்கும் தெரியும். அந்தச் சந்தில் அவளுக்குத் தெரியாத சங்கதி என்று ஒன்று இருந்ததென்றால், அது அவள் புருஷன் செய்து வைத்திருந்த காரியம் மட்டும்தான். அதைப் பிறகு பார்ப்போம்.

எல்லாம் சில்லறைத் தட்டுப்பாட்டில் ஆரம்பித்தது. சின்னக் காசெல்லாம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ உருக்கி விற்கிறார்கள் என்றார்கள். பதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். காசு அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார். எது எப்படியோ, சோப்பு வாங்கியவருக்கு மீதி கொடுக்கக் கல்லாவில் ஒன்றும் இருக்காது. முதலில் மீதிக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். மனுஷன் எத்தனை மிட்டாய்தான் தின்பான்? சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் நாலு மிட்டாயையும் கல்லா மேலேயே வீசிவிட்டுப் போன அன்று, அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். பட்டறையில் சொல்லி அலுமினியத் தகட்டில் வில்லை அடிக்கலாம். நடுவில் ஒரு துளை, ஒரு பக்கம் தராசுப் படம். ஒரு வில்லை ஒரு தீப்பெட்டிக்குச் சமம். மீதிச் சில்லறைக்கு வில்லை. வில்லை திரும்பி வந்தால் அந்த மதிப்புக்குச் சாமான்.

ஒரு பிஸ்கட் டின் நிறைய அடித்தார்கள். அது கடையோடு நிற்கும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் சில்லறைப் பஞ்சம் அவளுக்கு மட்டுமா? எதிர்ச்சாரி முடிதிருத்துகிறவர் முகச்சவரத்துக்கு மீதியாகத் தராசு வில்லையைக் கொடுத்தார். இஸ்திரி போடும் அம்மா அதை வாங்கிக்கொண்டாள். டீக்கடையில் செல்லுபடியானது. கடைசியில் மினி பஸ் கண்டக்டரே பையிலிருந்து அதை எடுத்து நீட்டியதாகக் கேள்வி. தெருவே புழங்குகிற காசாகிவிட்டது. எங்கே சுற்றினாலும் ஒருநாள் அது அவள் தராசுக்கு முன்னால் வந்துதான் நிற்கும். அவள் வில்லையைப் புரட்டிப் பார்ப்பாள், டப்பாவில் போடுவாள், சாமானை அளந்து போடுவாள். ஒரு சிட்டிகை கூடவும் போடமாட்டாள், குறையவும் போடமாட்டாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே, அவள் அந்த ஜாதி.

அவர் அப்படியில்லை. கல்லாவுக்கு முன்னால் யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றால் போதும், "இந்தா, ரெண்டு வில்லை சேத்து வெச்சுக்க, பாத்துக்கலாம்" என்பார். ரொக்கம் என்றால் அவருக்கும் கை கொஞ்சம் நடுங்கும். வில்லை என்றால் நடுங்காது. வாங்கிக்கொண்டவர் அவரை வாழ்த்திவிட்டு, மறுநாள் அதே வில்லையோடு அவளிடம் வந்து சர்க்கரை கேட்பார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே அளப்பாள். பேர் அவருக்கு, முகச்சுளிப்பு இவளுக்கு. அள்ளிக் கொடுத்தால் சும்மா, அளந்து கொடுத்தால் கடன் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. மூட்டை பிரிப்பது, எண்ணெய் டின் சாய்ப்பது, ஏணி ஏறி மேல்தட்டில் சோப்பு அடுக்குவது எல்லாம் நின்றபடி செய்கிற வேலை. கல்லா ஒன்றுதான் உட்கார்ந்து செய்கிற வேலை, அதில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்தாயிற்று. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனி மாத்திரை பிரயோஜனமில்லை, முழங்கால் மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகளும் கொஞ்சம் போட்டாள். முதல் தடவை தேதி குறித்தபோது மொத்த வியாபாரி முன்பணம் கேட்டான், அந்தப் பணத்தில் பாதி அங்கே போயிற்று. இரண்டாவது தடவை மழையில் கூரை ஒழுகி ஒரு சர்க்கரை மூட்டை பாகாகிவிட்டது, அதோடு அதுவும் போயிற்று. மூன்றாவது தடவையாக மகளே ஆஸ்பத்திரியில் பேசித் திங்கட்கிழமைக்கு இடம் பிடித்திருந்தாள்.

"அம்மா, இந்தத் தடவையும் ஏதாவது காரணம் சொன்னே, நான் உங்கிட்ட பேசவே மாட்டேன்" என்றாள் ஃபோனில்.

"வர்றேன்டி."

"வர்றேன்டி, ஆனான்னு இழுப்பியே, அதையும் சொல்லிடு."

அவள் இழுக்கவில்லை. ஆனால் மனசுக்குள் ஒன்று இருந்தது. தெருவில் தன் வில்லைகளைச் சுற்றவிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குச் சம்மதமில்லை. கத்தி வைக்கிற காரியம். திரும்பி வருவோமோ இல்லையோ, யாருடைய சர்க்கரைக் கடனும் தன் தலையில் இருக்கக் கூடாது. அதனால் ஓர் அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டாள்: 'கடை மூடப்படும். வில்லை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் கொடுத்துச் சாமான் பெற்றுக்கொள்ளவும்.' சர்க்கரையை அளக்கிறவள் வார்த்தையையும் அளந்தே எழுதினாள். ஏன் மூடுகிறோம், எப்போது திறப்போம் என்று இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் பாதித் தலைவலி தீர்ந்திருக்கும். எழுதவில்லையே.

டீக்கடை அதைத் தன் பாஷையில் படித்தது. கறார் கடையை விற்றுவிட்டாள், மகள் வீட்டோடு போகிறாள், சனிக்கிழமைக்குப் பிறகு வில்லை வெறும் தகடு. செவ்வாய்க்கிழமையே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் பிஸ்கட் டின் நிறைந்தது. ஒரே ஒரு டின்தான் அடித்தது, அது முழுதும் வந்துவிட்டது, அப்பாடா என்று மூடியை அழுத்தி மூடினாள். வியாழக்கிழமை காலையில் கடை திறப்பதற்குள் வாசலில் பத்துப் பேர், ஒவ்வொருவர் கையிலும் வில்லை.

மத்தியானத்துக்குள் வாளி ஒன்று பாதி நிறைந்துவிட்டது. ஒரு வில்லையை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். கள்ள வில்லை என்றால் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் தராசின் இடது தட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவள் போட்டுக் கொடுத்த படத்தில் இருந்த அதே சாய்வு. அச்சு ஒன்றுதான், இருப்பது பட்டறையில். அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தாள்.

பட்டறைக்காரர் கடைசல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வாங்கக்கா. என்ன, நீங்களே நடந்து வந்துட்டீங்க? அண்ணன் வரலையா? போன மாசம் வாங்கிட்டுப் போனது அதுக்குள்ள தீந்துடுச்சா?"

"எது தீந்துடுச்சா?"

"வில்லைதான்க்கா. அண்ணன் எப்பவும் அரை டின்தான் வாங்குவார். தகட்டுக்குக் காசு பாக்கி வெச்சதே இல்ல. உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"எவ்வளவு நாளா?"

அவர் முகம் மாறியது. ஏதோ குடும்பத்துக்குள் கையை விட்டுவிட்டோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "அது வந்துக்கா... ஒரு மூணு வருஷமா..." என்று மென்றார்.

அவள் அங்கிருந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு அச்சைக் கேட்டாள். அண்ணனைக் கேட்காமல் எப்படித் தருவது என்று அவர் தயங்கினார்.

"அதுல இருக்கறது என் தராசு. அவர் மூஞ்சி இல்ல" என்றாள். அவர் அதை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

மூன்று வருஷம்! அந்த மூன்று வருஷமும் கடை ஏன் தலைதூக்கவில்லை என்று அவள் தேடாத இடமில்லை. எலி தின்கிறதோ என்று பொறி வைத்தாள். தராசு ஏமாற்றுகிறதோ என்று படிக்கற்களை வேறு கடையில் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்தாள். தன் கைதான் தாராளமாகிவிட்டதோ என்று இன்னும் இறுக்கி அளந்தாள். தன் டீயில் பாலைக் குறைத்தாள். தெரு அவளை இன்னும் கொஞ்சம் கறார் என்றது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊற்றிய கையைப் பழித்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குப் பின்னறையில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் அச்சைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் பார்த்தார். பிசைந்த சோற்றை வாயில் வைக்கலாமா வேண்டாமா என்று கை யோசித்தது. கடைசியில் வைத்துக்கொண்டார்.

"தகடுதானேம்மா. ஒரு தகடு என்ன விலை வித்துடப் போகுது?"

"தகடு விலையாங்க நான் கேக்கறேன்? அது திரும்பி வந்தா என்ன கொடுக்கறேன் நான்? தகடா கொடுக்கறேன்? சர்க்கரை இல்ல கொடுக்கறேன்!"

"எல்லாம் ஒரே நேரத்துலயா வரும்? தெருவுல சுத்திக்கிட்டேதானே இருக்கு. நீ போர்டு மாட்டலைன்னா வந்திருக்குமா?"

அதில் நியாயம் இருப்பதுபோல் ஒரு நொடி அவளுக்கே தோன்றியது. அதனால்தான் கோபம் இரட்டிப்பானது.

"யாருக்குக் கொடுத்தீங்க?"

"யாருக்குன்னு சொல்ல? பொண்ணுக்கு ஜுரம்னு ஒருத்தன் வந்து நிப்பான். வேலை போச்சுன்னு ஒருத்தி வந்து நிப்பா. கல்லாவுல காசு இருக்காது. வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ வேண்டாம்பே."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். அதையும் அவள் ஒத்துக்கொண்டாள், மனசுக்குள். அழுகை வரவில்லை. அந்தத் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இந்த மனிதர் பெண்டாட்டி வீட்டு நெய்யையே ஊராருக்கு ஊற்றியிருக்கிறார், பெண்டாட்டி கையாலேயே.

அவர் கை கழுவிவிட்டு வந்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார். "சனிக்கிழமை சமாளிக்கணுமே. அந்தப் பணம் இருக்கில்ல... மொத்த வியாபாரிகிட்ட சொன்னா சனிக்கிழமை சாயங்காலமே சரக்கு இறக்கிடுவான். ஆபரேஷனை ஒரு மாசம் தள்ளி..."

"மூணாவது தடவை" என்றாள் அவள்.

"நான் என்ன வேணும்னா சொல்றேன்?"

இதில் கொடுமை என்னவென்றால், பட்டறையிலிருந்து திரும்பும் வழியில் அவளும் அதையேதான் நினைத்திருந்தாள். அவள் இதுவரை ஒரு வில்லையைக்கூடத் தள்ளியதில்லை. வளைந்தது, தேய்ந்தது, குழந்தை கடித்தது, எது வந்தாலும் வாங்கியிருக்கிறாள். கையில் பணத்தை வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. சனிக்கிழமை காலையில் மருத்துவச் செலவுப் பணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதற்கு எடுத்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

அன்றைக்குக் கடை பட்ட பாடு சொல்லி முடியாது. பத்து மணிக்குச் சர்க்கரை தீர்ந்தது. அடுத்து எண்ணெய். பிறகு சோப்பு. அதன்பின் வந்தவர்கள் எது இருந்தாலும் சரி என்று மெழுகுவர்த்தியும் நூல்கண்டும் துடைப்பமும் வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டில் ஆணியே அடிக்காத ஒருவர் ஒரு பொட்டலம் ஆணி வாங்கினார். அவள் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். வலது முழங்கால் உப்பிச் சேலைக்கு மேலாகவே தெரிந்தது. சாயங்காலம், அவர் சொல்லி வைத்திருந்தபடி, மொத்த வியாபாரியின் வண்டி சந்துமுனையில் வந்து நின்றது. காசைக் கண்ணில் காட்டினால்தான் மூட்டையை இறக்குவேன் என்று வண்டிக்காரர் வண்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். தட்டுகளில் தூசியைத் தவிர ஒன்றுமில்லை. வரிசை மட்டும் டீக்கடை வரைக்கும் நின்றது.

அவர் கல்லாவிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தார். "யாரும் கவலைப்படாதீங்க! நாளைக்கு வாங்க, எல்லாருக்கும் உண்டு. நான் சொல்றேன் இல்ல?" என்று கையை விரித்தார்.

ஒருவரும் நகரவில்லை. வரிசையின் முன்னால் நின்ற முடிதிருத்துகிறவர் கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"அண்ணே, நீங்க சொல்றது இருக்கட்டும். அக்கா சொல்லட்டும்."

அவளுக்கு அது கேலியாகப் பட்டது. அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏன், உங்க தாராள அண்ணன் சொன்னா போதாதா? அவர்தானே அள்ளி அள்ளிக் கொடுத்தார்? நான் கறார்தானே?"

வரிசையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பேர் அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"கோச்சுக்காதீங்கக்கா" என்றார் முடிதிருத்துகிறவர். "அண்ணன் நல்ல மனுஷன், இல்லேங்கல. ஆனா அவர் யார் கேட்டாலும் கொடுத்துடுவாரே, அதை எப்படி நம்பறது? நான் சவரம் பண்ணிட்டுக் காசுக்குப் பதிலா இந்தத் தகட்டை வாங்கினது அவரை நம்பியா? நீங்க நாலு வார்த்தை திட்டிக்கிட்டாவது அளந்து போட்டுடுவீங்கன்னு. எங்களுக்குள்ள 'இது செல்லுமா'ன்னு யாராவது கேட்டா, 'அக்கா வாங்கிப்பாங்க'ன்னுதான் சொல்லுவோம்."

"ஆமாங்க்கா" என்றாள் இஸ்திரி போடும் அம்மா பின்னாலிருந்து. "நான்கூட அப்படித்தான் சொல்லித் தள்ளி விட்டிருக்கேன்."

இதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அசதிதான் வந்தது. மூன்று வருஷமாக இந்தத் தெரு முழுக்கத் தன் முழங்கால் மேலேயே நின்றிருக்கிறது, அது தனக்கே தெரியாமல். புருஷனைப் பார்த்தாள். அவர் விரித்த கையை மடக்கவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார். வண்டிக்காரரைப் பார்த்தாள். இடுப்பில் முடிச்சு உறுத்தியது. கை அங்கே போயிற்று. போன கை முடிச்சை அவிழ்க்கவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"கேளுங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சாமான் தீந்துடுச்சு. வாங்கிப் போடப் பணம் இருக்கு. இதோ, என் இடுப்புல இருக்கு. ஆனா அதை எடுக்க மாட்டேன். அது என் காலுக்கு வெச்சிருக்கறது. திங்கக்கிழமை ரெண்டு முட்டியும் மாத்தறாங்க. நடக்கறதுக்கு மூணு மாசம் ஆகும்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் இதே கடையில இதே இடத்துல நின்னு அளந்து கொடுக்கறேன். ஒரு வில்லையும் தள்ள மாட்டேன். அதுவரைக்கும் எனக்கு நீங்கதான் தவணை கொடுக்கணும்."

சொல்லிவிட்டு, யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தாள்.

முடிதிருத்துகிறவர் கையிலிருந்த வில்லைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மூணு மாசந்தானே? அதுவரைக்கும் எங்களுக்குள்ளயே சுத்த விட்டுக்கறோம். நீங்க போய்ட்டு வாங்கக்கா" என்று சாலையைக் கடந்து தன் கடைக்குப் போனார். அடுத்தவர் பின்னாலேயே திரும்பினார். ஆணி வாங்கியவர் திரும்பி வந்து பொட்டலத்தைக் கொடுத்து வில்லையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இஸ்திரி போடும் அம்மா மட்டும் வாசல் அட்டைக்கு எதிரே நின்று முணுமுணுத்தாள். "இதை இங்கேயே எழுதிப் போட்டிருந்தா, துணி எல்லாம் அப்படியே போட்டுட்டு வந்து நின்னிருக்க மாட்டேனே."

வரிசை கலைந்துவிட்டது. வண்டிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அப்போதுதான் அவள் அழுதாள். அவர்கள் போய்விட்டார்களே என்ற நிம்மதியில் அல்ல. இவ்வளவு சுலபமாகப் போய்விட்டார்களே என்று. முதல் தடவை தேதி குறித்தபோதே தவணை கேட்டிருக்கலாம். இரண்டாவது தடவையும் கேட்டிருக்கலாம். கேட்டால் கிடைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்டுப் பார்க்கவில்லை. அத்தனை நாள் வலியும் சும்மா பட்ட வலி. அவர் பக்கத்தில் வந்து நின்று தோளைத் தொடலாமா என்று பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினார். கடைசிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு, பயந்த மாதிரிக் கேட்டார். "நீ இல்லாதப்ப யாராவது வந்து நின்னா, நான் என்ன கொடுக்கட்டும்?"

"நான் வருவேன்னு சொல்லுங்க" என்றாள் அவள். "வேற ஒண்ணும் கொடுக்காதீங்க."